வலிக்குக் கேட்கப்படும் சான்று: அபினி வகை மருந்துகளும் சிறுநீர்ப் பரிசோதனையும் – வடசென்னையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அபினி வகை வலிநீக்கிகளை உட்கொள்ளும் நோயாளியிடம் சிறுநீர்ப் பரிசோதனை கோரும் வழக்கம் அமெரிக்காவில் உருவாகி, மருத்துவ வழிகாட்டுதல்களின் வாயிலாகப் பிற நாடுகளுக்கும் பரவியது. இந்தியாவில் அபினி மீதான அரசின் ஐயம் நீண்டகாலமாக மருந்தின் வழித்தடத்தைக் கண்காணித்தது. நோயாளியின் உடலைச் சோதிக்கவில்லை. இவ்விரு கண்காணிப்பு மரபுகளும் எவ்வாறு தோன்றின என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. மருந்து மிகுந்த நாட்டில் பிறந்த ஒரு சோதனையை மருந்து அரிதாகக் கிடைக்கும் நிலத்தில் அப்படியே நடும்போது அதன் முடிவுகளின் பொருள் மாறிவிடுகிறது என்பதை எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தை உள்ளடக்கிய வடசென்னைப் பகுதியை முன்வைத்து இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மார்பின், வலி தணிப்புச் சிகிச்சை, சிறுநீர்ப் பரிசோதனை, போதைப்பொருள் சட்டம், வடசென்னை, கசகசா.

முன்னுரை

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி அமைந்த மீனவர் குடியிருப்பு முகத்துவாரக்குப்பம். இதற்குத் தெற்கே தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய குப்பங்களும், அவற்றைத் தொடர்ந்து திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம் ஆகிய துறைமுக, தொழிற்பகுதிகளும் உள்ளன. மேற்கே மணலியின் ஆலைகள். மீன்பிடிப்பு, சுமை தூக்குதல், ஆலைக் கூலி எனப் பெரும்பாலும் உடலுழைப்பையே நம்பி வாழும் இப்பகுதியில், வலி தீர்க்கும் மாத்திரையின் வரலாறு உழைப்பு வரலாற்றின் ஒரு கிளையாகவும் அமைகிறது.

இப்பகுதியில் அபினி வகை மருந்துகளுக்கு முரணான இரு நிலைகள் உண்டு. புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு உரிய மார்பின் மாத்திரை எளிதில் எட்டுவதில்லை. அதே வேளையில், வலிநிவாரணி மாத்திரைகளை இளைஞர்கள் போதைக்காகப் பயன்படுத்துவது குறித்த செய்திகள் கடந்த சில ஆண்டுகளாகச் சென்னை நாளிதழ்களில் தொடர்ந்து வெளியாகின்றன. பின்னதைக் கண்டு அஞ்சும் சமூகம் முன்னவரிடம் சான்று கேட்கத் தொடங்கும் சூழல் உருவாகக்கூடும். அந்தச் சான்று பெரும்பாலும் ஒரு சிறு குப்பிச் சிறுநீரின் வடிவத்தையே எடுக்கும். எனவே, இச்சோதனை எங்கே, எதற்காகப் பிறந்தது, எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல இயலாதது என்னும் வினாக்கள் மருத்துவ வினாக்களாக மட்டுமன்றி வரலாற்று வினாக்களாகவும் ஆகின்றன.

1. வழித்தடத்தின் மீதான ஐயம்: 1857 முதல் 1985 வரை

பிரித்தானிய இந்தியாவில் அபினி முதலில் வருவாய்ப் பொருள். 1857ஆம் ஆண்டுச் சட்டம் கசகசாச் செடி பயிரிடுதலையும், 1878ஆம் ஆண்டுச் சட்டம் அபினியின் உடைமை, போக்குவரத்து, விற்பனை ஆகியவற்றையும் ஒழுங்குபடுத்தின. 1893இல் அமைக்கப்பெற்று 1895இல் அறிக்கை அளித்த அபினி பற்றிய அரசு ஆணையம், முழுத் தடை தேவையில்லை என்னும் முடிவுக்கு வந்தது. வீட்டு மருந்தாக அபினி வழங்கிவந்ததை அவ்வாணையம் தன் வாதத்திற்குத் துணையாகக் கொண்டது. 1930ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டம், மார்பின் முதலிய தயாரிப்புப் பொருள்களையும் கட்டுப்பாட்டு வளையத்திற்குள் கொண்டுவந்தது.

விடுதலைக்குப் பின் நோக்கம் மாறியது. மருத்துவமல்லாத அபினிப் பயன்பாட்டைப் பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைத்து 1959க்குள் முடிவுக்குக் கொண்டுவருவது என 1949இல் கூடிய அனைத்திந்திய அபினி மாநாடு முடிவெடுத்தது. அதன்பின் மருத்துவச் சான்று பெற்றுப் பதிவு செய்துகொண்ட பழக்கத்தினருக்கு மட்டுமே அபினி வழங்கப்பட்டது. இங்குக் கருத வேண்டிய ஒன்று உண்டு. பயனாளியைக் குறித்து அரசு ஐயுற்றபோதும் அந்த ஐயம் பதிவேடு, அனுமதிச் சீட்டு, அளவு ஆகியவற்றின் வடிவிலேயே வெளிப்பட்டது. ஒருவர் உண்டாரா, எவ்வளவு உண்டார் என்பதை அவரது உடலிலிருந்து அறியும் முயற்சி அம்முறையில் இல்லை.

இம்மரபின் உச்சம் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம். முந்தைய மூன்று சட்டங்களையும் நீக்கிய இது, பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறைத்தண்டனையை விதித்தது. கைப்பற்றப்பட்ட அளவுக்கேற்பத் தண்டனையை வகைப்படுத்தும் முறை 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே வந்தது. மருத்துவ, அறிவியல் தேவைக்கான பயன்பாட்டைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அனுமதித்தது. எனினும் நடைமுறையில் மார்பினைப் பெற ஒரு மருத்துவமனை உடைமை, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து எனப் பல உரிமங்களை வெவ்வேறு துறைகளிடம் பெறவேண்டியிருந்தது. அவை அனைத்தும் ஒரே காலத்தில் செல்லுபடியாகும் நிலையில் இருந்தால்தான் மருந்து வந்துசேரும்.

இதன் விளைவு கடுமையானது. 1985க்கும் 1997க்கும் இடையில் இந்தியாவின் மருத்துவ மார்பின் நுகர்வு ஏறத்தாழ 97 விழுக்காடு வீழ்ந்தது. 1997இல் அது 18 கிலோகிராம் மட்டுமே. மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்று அபினி விளைவித்து, காசிப்பூர், நீமச் அரசு ஆலைகளில் பதப்படுத்தி, உலகுக்கு ஏற்றுமதி செய்த நாட்டில் இது நிகழ்ந்தது.

2. மார்பினின் மெதுவான மீள்வருகை

உலக நலவாழ்வு நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கான மூன்று படி முறையை வெளியிட்டது. கடும் வலிக்கு வாய்வழி மார்பினை முதன்மை மருந்தாக அம்முறை வைத்தது. 1985இன் இந்தியச் சட்டமும் 1986இன் உலக வழிகாட்டுதலும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நின்றன எனலாம்.

1993இல் கோழிக்கோட்டில் தொடங்கப்பெற்ற வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கமும், மருத்துவர் எம்.ஆர். இராஜகோபால் முதலியோரின் முயற்சிகளும் வீட்டிலேயே மார்பின் கொடுத்துப் பேணும் முறையைத் தென்னிந்தியாவில் நிலைநாட்டின. எளிமைப்படுத்தப்பட்ட மாதிரி விதிகளை ஏற்குமாறு நடுவண் வருவாய்த் துறை 1998இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் மார்பின், ஃபென்டானில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகியவற்றை ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ என வகுத்து, நாடு முழுமைக்கும் ஒரே விதிமுறைக்கு வழிவகுத்தது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் ஒன்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒற்றை அனுமதியுடன் இவற்றை இருப்பில் வைக்க இயலும் என்ற நிலை உருவாயிற்று.

சென்னையில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் நகரின் தென்பகுதியில் உள்ளது. முகத்துவாரக்குப்பத்திலிருந்து அது 25 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. வடசென்னையின் பெரிய அரசு மருத்துவமனையான ஸ்டான்லி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தெற்கே அமைந்துள்ளது. புற்றுநோயின் இறுதிக் கட்டத்தினரைப் பேணும் ஜீவோதயா இல்லம் மணலியை அடுத்த மாத்தூரில் இயங்கிவருகிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடிச் செல்லும் வலி தணிப்புச் சேவையையும் உள்ளடக்கியது. ஆயினும், தேவையோடு ஒப்பிட்டால் மருந்து மிகக் குறைவே. இந்தியாவின் வலி தணிப்புத் தேவையில் 4 விழுக்காட்டை மட்டுமே வழங்கப்படும் அபினி வகை மருந்துகள் நிறைவு செய்கின்றன என்று லான்செட் ஆணையம் 2017இல் மதிப்பிட்டது.

3. உடலின் மீதான ஐயம்: சிறுநீர்ப் பரிசோதனையின் பிறப்பு

சிறுநீர்ப் பரிசோதனையின் வரலாறு வேறொரு நிலத்தில் தொடங்குகிறது. 1965 முதல் நியூயார்க்கில் வளர்ந்த மெத்தடோன் சிகிச்சை மையங்கள் இதனைச் சிறு அளவில் பயன்படுத்தின. பெருந்திரளான மக்களிடம் இது முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது வியட்நாமில்தான். அங்கிருந்து நாடு திரும்பும் அமெரிக்கப் படைவீரர் ஒவ்வொருவரும் ஹெராயின் கலவாத சிறுநீரைக் கொடுத்த பின்னரே விமானம் ஏறலாம் என 1971 ஜூனில் ஆணை பிறந்தது. ‘பொன்னொழுக்கு நடவடிக்கை’ என்னும் பொருள்படும் பெயரை அத்திட்டத்திற்குப் படையினர் சூட்டினர். விரைவாகவும் மலிவாகவும் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதிக்கவல்ல எதிர்ப்பொருள் வழிச் சோதனைக் கருவிகள் இக்காலத்திலேயே சந்தைக்கு வந்தன.

1986இல் அதிபர் ரீகன் பிறப்பித்த ஆணை நடுவண் அரசு ஊழியர்களைச் சோதனைக்கு உட்படுத்தியது; 1988இல் அதற்கான கட்டாய வழிகாட்டுதல்கள் வெளியாயின. இந்த இரு கட்டங்களிலும் சோதனைக்கு உட்பட்டவர் நோயாளி அல்லர். படைவீரர் அல்லது ஊழியர். சோதனையின் நோக்கமும் சிகிச்சை அன்று; தகுதி நீக்கம் அல்லது தடுத்து நிறுத்தல்.

நோயாளியிடம் இச்சோதனை வந்துசேர்ந்தது மருந்துப் பெருக்கத்தின் பின்விளைவாகவே. 1996இல் ஆக்சிகாண்டின் சந்தைக்கு வந்ததைத் தொடர்ந்து அமெரிக்காவில் நாட்பட்ட வலிக்கு அபினி வகை மருந்துகள் பேரளவில் பரிந்துரைக்கப்பட்டன. மிகை மருந்து உயிரிழப்புகள் பெருகியபோது, சிகிச்சை ஒப்பந்தம், மாத்திரை எண்ணுதல் ஆகியவற்றுடன் சிறுநீர்ப் பரிசோதனையும் வலிச் சிகிச்சையின் பகுதியாயிற்று. சிகிச்சையைத் தொடங்குமுன்னும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதனை செய்வது குறித்து அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016இல் வழிகாட்டியது. சோதனை ஒரு பெருவணிகமாகவும் மாறியது. தேவையற்ற சோதனைகளுக்கு அரசிடம் கட்டணம் பெற்றதாகக் கூறப்பட்ட குற்றச்சாட்டுகளைத் தீர்த்துக்கொள்ள ஓர் ஆய்வக நிறுவனம் 2015இல் 25.6 கோடி டாலர் செலுத்த இசைந்தது. 2022இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல், சோதனையின் நன்மையையும் தீங்கையும் சீர்தூக்கவேண்டும் என்றும், முடிவை மட்டும் காட்டி நோயாளியைக் கைவிடலாகாது என்றும் நிலைப்பாட்டைத் தளர்த்தியது.

4. சோதனைப் பட்டை காண்பதும் காணாததும்

வழக்கமான ‘ஓபியேட்’ சோதனைப் பட்டை மார்பினையும் அதனை ஒத்த வேதியமைப்புடைய கோடீனையும் நோக்கியே வடிவமைக்கப்பட்டது. ஹெராயின் உடலுக்குள் மார்பினாக மாறுவதால் அதுவும் அகப்படும். ஆனால், செயற்கையாக உருவாக்கப்பட்ட ஃபென்டானில், மெத்தடோன், டிராமடால், டேபெண்டடால் முதலியவற்றை அப்பட்டை காட்டுவதில்லை, புப்ரநார்பினையும் காட்டுவதில்லை. அவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனையோ, நிறமாலை முறையிலான உறுதிப்பாட்டு ஆய்வோ தேவை. மார்பினைக்கூட உட்கொண்ட இரண்டு மூன்று நாள்களுக்குள் மட்டுமே பொதுவாகக் கண்டறிய இயலும். எவ்வளவு உட்கொண்டார், எப்போது உட்கொண்டார், வலி தணிந்ததா என்பவற்றுக்கு இச்சோதனையில் விடை இல்லை.

தமிழ்ச் சமையலறைக்கு நெருக்கமான ஒரு சான்றும் இங்குண்டு. குருமாவிலும் பாயசத்திலும் சேரும் கசகசா, அபினி எடுக்கப்படும் அதே செடியின் விதை. விதையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிய அளவு மார்பின், உண்டவரின் சிறுநீரில் வெளிப்படக்கூடும். கசகசா உண்டோர் போதை உட்கொண்டோராகக் கருதப்படுவதைத் தவிர்க்கும் பொருட்டே, அமெரிக்க அரசுப் பணியாளர் சோதனையில் ஓபியேட்டுக்கான எல்லை அளவு 1998இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகத்திற்குக் கசகசாவைக் கொண்டுசெல்லத் தடை இருப்பதை வளைகுடாவில் பணிபுரியும் தமிழர் பலரும் அறிவர். ‘இருக்கிறது’ என்னும் முடிவும் மனிதர் வகுத்த ஓர் எல்லைக் கோட்டைச் சார்ந்ததே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

5. வடசென்னையில் இச்சோதனையின் பொருள்

சென்னையில், குறிப்பாக வடசென்னையில், அபினி வகைப் பொருள்களின் தவறான பயன்பாடு புதிதன்று. 1980களில் ‘பிரவுன் சுகர்’ எனப்பட்ட ஹெராயின் பரவியது. 1990களில் பலர் புப்ரநார்பின் ஊசிக்கு மாறினர். 2005–06இல் ஊசிவழிப் போதைப் பழக்கமுடையோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சென்னையில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்ததைக் கண்டது. அண்மைக் காலத்தில் டேபெண்டடால் முதலிய மாத்திரைகளை நீரில் கரைத்து ஊசிவழி ஏற்றிக்கொள்ளும் வழக்கம் செய்திகளில் இடம்பெறுகிறது. டிராமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டது. அவ்வறிவிக்கையில் டேபெண்டடால் இடம்பெறவில்லை.

இந்தப் பின்புலத்தில் மேற்கண்ட சோதனைப் பட்டையை வைத்து நோக்கினால் ஒரு முரண் புலனாகிறது. இப்பகுதியில் அச்சத்திற்குக் காரணமான மாத்திரைகளை அப்பட்டை காணாது. அது காணக்கூடிய மார்பினையோ, முறையான மருந்துச் சீட்டுடன் புற்றுநோயாளியே உட்கொள்கிறார். ஆகவே, மலிவான இச்சோதனை பரவலாக்கப்பட்டால் அதன் பார்வை தவறிழைப்பவரை விட்டு நோயுற்றவர் மீதே விழும்.

இரண்டாவது முரண் ‘இல்லை’ என்னும் முடிவைப் பற்றியது. மார்பின் பரிந்துரைக்கப்பட்டவரின் சிறுநீரில் மார்பின் இல்லையெனில், அவர் அதனை விற்றிருக்கலாம் என்னும் ஐயம் அமெரிக்க நடைமுறையில் எழும். மருந்து தடையின்றிக் கிடைக்கும் என்பதே அந்த ஐயத்தின் உட்கோள். முகத்துவாரக்குப்பம் போன்ற ஓரிடத்தில் அதே முடிவு, கையிருப்பு நான்கு நாள்களுக்கு முன்பே தீர்ந்துபோனதைக் குறிக்கலாம். மருத்துவமனைக்குச் செல்ல ஆளில்லாததையோ பேருந்துக்கும் துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலிக்கும் வழியில்லாததையோ குறிக்கலாம். அடிமையாகிவிடுவோம் என்னும் அச்சத்தால் நோயாளி மாத்திரையைத் தவிர்த்ததையும் குறிக்கலாம். பற்றாக்குறையின் தடயம் குற்றத்தின் தடயமாகப் படிக்கப்படும் அபாயம் இங்கேதான் உள்ளது.

சட்டமும் இதனைச் சிக்கலாக்குகிறது. போதைப்பொருளை உட்கொள்வதே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். மார்பினுக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். மருந்துச் சீட்டுடன் உட்கொள்பவருக்கு இது பொருந்தாது. பழக்கத்திலிருந்து விடுபடத் தாமே சிகிச்சைக்கு முன்வருவோருக்கு 64ஏ பிரிவு காப்பளிக்கிறது. எனினும், அண்டை வீட்டார் கொடுத்த மாத்திரையை வலி தாளாமல் விழுங்கிய ஒருவரின் சோதனைத் தாள், மருத்துவக் கோப்புக்கு வெளியே சென்றால் வேறு பொருள் பெறும். இத்தகைய அச்சம் நோயாளியை மருத்துவரிடமிருந்து விலக்கவே செய்யும்.

6. மாற்று மரபுகள்

சோதனை அறவே வேண்டாம் என்பது இவ்வாய்வின் முடிபன்று. ஒருவர் மயங்கிய நிலையில் வரும்போதும், மூச்சைத் தாழ்த்தும் பிற மருந்துகள் கலந்துள்ளனவா என அறியவேண்டியபோதும், நோயாளியின் இசைவோடு செய்யப்படும் சோதனை உயிர் காக்கும். ஆனால், மருந்து முறைகேட்டைத் தடுக்க இந்திய நடைமுறைக்குள்ளேயே வேறு வழிகள் உருவாகியுள்ளன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மாற்று மருந்துச் சிகிச்சை மையங்களில் புப்ரநார்பின் மாத்திரை பணியாளரின் கண்முன் நாவின்கீழ்க் கரையவிடப்படுகிறது. கொடுக்கப்பட்டது உட்கொள்ளப்பட்டதா என அறியச் சிறுநீர் தேவைப்படுவதில்லை. வீடு தேடிச் செல்லும் செவிலியர், எஞ்சிய மாத்திரைகளை எண்ண இயலும்; நோயாளி உறங்கினாரா, உண்டாரா எனக் கேட்க இயலும்; நோயாளி இறந்தபின் மீந்த மருந்தைத் திரும்பப் பெறவும் இயலும். இவற்றில் ஐயமும் பேணலும் ஒரே வருகையில் அடங்குகின்றன. மாத்திரை தீர்ந்துபோயிருந்தால் அது குற்றமாகப் பதிவாகாமல் அடுத்த வழங்கலுக்கான குறிப்பாகவே பதிவாகும்.

முடிவுரை

இந்திய அரசு ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அபினியின் வழித்தடத்தை ஐயுற்றது. அதன் விலையை 1985க்குப் பிந்தைய ஆண்டுகளில் மார்பின் கிடைக்காது வலியோடு இறந்தோர் செலுத்தினர். 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஐயத்தை ஓரளவு தளர்த்தியது. இத்தருணத்தில், அமெரிக்கப் படைமுகாமில் தொடங்கி, அலுவலகம் வழியாக மருத்துவமனையை அடைந்த ஒரு சோதனை, தளர்ந்த அந்த ஐயத்தின் இடத்தில் நோயாளியின் உடலை நிறுத்தக்கூடும். மருந்து மிகுந்த நாட்டில் அது பெருக்கத்திற்கான எதிர்வினை. நான்கு விழுக்காட்டுத் தேவை மட்டுமே நிறைவேறும் நாட்டில் அது பற்றாக்குறையின் மீது சுமத்தப்படும் கூடுதல் சுமை.

எனவே, வடசென்னையில் மார்பின் பெறும் நோயாளியிடம் சிறுநீர்ச் சான்று கோருமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும். கோரப்படும் சோதனை, இப்பகுதியில் உண்மையாகவே தவறாகப் பயன்படும் மாத்திரையைக் காண வல்லதா? ‘இல்லை’ என்னும் முடிவு வந்தால், முதலில் ஆராயப்படுவது நோயாளியின் நேர்மையா, மருந்தின் இருப்பா? சோதனைத் தாள் யார் கைக்குச் செல்லும்? இவற்றுக்கு விடை இல்லாதவரை, அக்குப்பி நோயைப் பற்றிச் சொல்வதைவிட அதனைக் கேட்பவரின் அச்சத்தைப் பற்றியே மிகுதியாகச் சொல்லும்.